பைபர் போட்டில் ஓட்டை போடாமல், உட்பக்கமாக ஆழமானி பூட்டலாமா?

கேட்டவரின் 19 அடி பைபர் போட்டில், பின்பக்கம் பூட்டிய ட்ரான்ஸ்டியூசர் (ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வாங்கி ஆழம் அளக்கிற துண்டு) இரண்டு தரம் வலையில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். இனி உள்ளுக்குள் ஒட்டினால் ஆழம் சரியாகக் காட்டுமா என்கிறார்.

காட்டும். எங்கள் பக்கத்துப் போட்டுகளுக்கு அதுதான் தோது என்றும் சொல்வேன். நாங்கள் போட்டை மணலில் இழுத்து ஏற்றுகிறவர்கள், சாதாழை என்கிற கடற்புல்லுக்குள்ளால் ஓடுகிறவர்கள். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற எதுவும் கனநாள் தாங்காது. அடியைத் துளைத்துப் பூட்டுகிற வகை எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற பெரிய போட்டுகளுக்குச் சரி.

ஆனால் ஒன்று: ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்கும் கடலுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் ஓடும். 10 மீற்றர் ஆழமென்றால் போய்த் திரும்பி வர 13 மில்லிவினாடி. தண்ணீருக்குள்ளாலும் கெட்டியான பைபருக்குள்ளாலும் அது போய்விடும். கடதாசி மொத்தத்தில் ஒரு காற்றுப் படலம் இருந்தால் அங்கேயே முட்டித் திரும்பிவிடும். நுரை, பல்சா மரம், பிளைவுட் வைத்துக் கட்டிய அடிக்கு இது சரிவராததும் அதனால்தான். முழு மரவள்ளம், இரும்பு, அலுமினியம் என்றால் வேறு வழி பாருங்கள்.

எங்கள் போட்டுகளில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கால் வைத்து நிற்கிற தளம் போட்டின் அடி அல்ல. சில போட்டுகளில் இரண்டுக்கும் நடுவே மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். தளத்தின் மேல் ஒட்டினால் நுரையின் ஆழத்தைத்தான் அளக்கலாம். உண்மையான அடி தெரிகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். கரண்டிக் காம்பால் தட்டிப் பாருங்கள்: ‘டக்’ என்று கூராகக் கேட்டால் நல்லது, ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. போட் கட்டினவரைக் கேட்டால் இன்னும் நிச்சயம்.

என்ன வாங்குவது? எங்கள் தொழில் பாக்கு நீரிணைப் பக்கம். பத்துப் பன்னிரண்டு மீற்றரே பல இடங்களில் பெரிய ஆழம். பைபருக்குள்ளால் ஒலி இரண்டு தரம் போய்வருவதால் வலு குறையும் என்பது உண்மைதான். இந்த ஆழத்துக்கு அது பொருட்டே இல்லை. ஒலியின் அதிர்வெண் 200 கிலோஹேர்ட்ஸ் போதும். பருத்தித்துறைக்குக் கிழக்கே ஆழ்கடலுக்குப் போகிறவர் 50 உம் சேர்ந்ததாக வாங்கட்டும். பக்கவாட்டில் படம் காட்டுகிற, விலை கூடிய வகைகளை உள்ளுக்குள் ஒட்டிக் காசை வீணாக்காதீர்கள், அவை வெளியே தண்ணீருக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீரின் வெப்பநிலையும் கிடைக்காது, போட்டின் அடிச் சூட்டைத்தான் காட்டும்.

ஒட்டுகிற தட்டை வகையை விட எனக்குப் பிடித்தது குடுவை வகை. அடியில் ஒரு சிறு குடுவையை ஒட்டி, அதற்குள் திரவம் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதில் இறக்கிவிடுவது. ஏர்மார் நிறுவனத்தின் பி79 அப்படியானது. அடி 22 பாகை வரை சரிந்திருந்தாலும் முகத்தை நேர் கீழே திருப்பலாம், பழுதானால் கழற்றலாம். கைச்செலவு குறைய வேண்டுமென்றால் பிவிசி குழாய்த் துண்டொன்றின் வாயை அடியின் சரிவுக்கு அரிந்து ஒட்டி, மருந்துக்கடை ஆமணக்கெண்ணெய் ஊற்றலாம். வெறும் தண்ணீர் வற்றிப்போகும்.

இனி என் கதை. முதல் தரம் நான் ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எப்பொக்சியை, சித்திரை வெயிலில், மத்தியானம் ஒரு மணிக்கு, கைநிறையக் குழைத்து ஊற்றினேன். கிண்ணத்திலேயே சூடேறிப் பொங்கியது. அவசரமாக அழுத்தி வைத்தேன். அடுத்த நாள் நயினாதீவுப் பக்கம் போகிறோம், திரையில் 0.7 மீற்றர், அசையவே இல்லை. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா தம்பி, கடல் வத்திப் போச்சோ?” என்றார். உளியால் கிளப்பும்போது ட்ரான்ஸ்டியூசரும் உடைந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கடுகு மாதிரிக் குமிழ்கள்.

அதனால் ஒட்ட முதல் சோதியுங்கள். போட் தண்ணீரில் மிதக்கட்டும். ட்ரான்ஸ்டியூசரை வெளியே கடலுக்குள் பிடித்து ஒரு தரம் ஆழத்தைப் பாருங்கள். பிறகு ஒரு சொப்பின் பைக்குள் தண்ணீர் விட்டு, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் அமிழ்த்திக் கட்டி, உள்ளடியை நனைத்துப் பையை அதன்மேல் அழுத்துங்கள். இரண்டு இலக்கமும் ஒத்துவந்தால் அந்த இடம் நல்லது. அப்படியே எஞ்சினைக் கூட்டி ஓடியும் பாருங்கள். நிற்கும்போது காட்டி, ஓடும்போது மறைந்தால் கீழே குமிழ்த் தண்ணீர் போகிறது. வேகத்தில் அணியம் (போட்டின் முன்பக்கம்) கிளம்பும், ஆகவே பின் மூன்றில் ஒரு பங்குக்குள், ஏராவுக்குப் (அடியின் நடுவே நீளத்துக்கு ஓடுகிற முதுகுக்கு) பக்கத்தில், ஆனால் ஏராவின் மேலும் அடி வரம்புகளின் மேலும் படாமல் இடம் தேடுங்கள்.

ஒட்டுவது விடியப்புறம், வெயில் ஏற முதல். 80 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்து, அசற்றோனால் துடைத்து, மெதுவாக இறுகுகிற எப்பொக்சியைக் கொஞ்சமாக, குமிழ் எழாமல் ஆறுதலாகக் குழையுங்கள். ட்ரான்ஸ்டியூசரின் முகத்தையும் லேசாக உரசிவிடுங்கள். குழைத்ததை ஊற்றி, ட்ரான்ஸ்டியூசரைத் திருகித் திருகி அமுக்கினால் காற்று ஓரத்தால் வெளியேறும். பிறகு ஒரு நாள் தொடாதீர்கள். சிலிக்கோன் வேண்டாம், அது ஒலியை உறிஞ்சிவிடும். போட் ஒட்டுப்போட்டு மிஞ்சின றெசினும் வேண்டாம். சில பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். வயர் நீளமென்று வெட்டாமல் சுருட்டி வையுங்கள், எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கடைசியில் குறிகட்டுவானில் நங்கூரமிட்டு, ஈயக்குண்டு கட்டின கயிற்றை விட்டுப் பார்த்து, வித்தியாசத்தைக் கருவியில் பதியுங்கள். எங்கள் அப்பப்பா கை விரித்துப் பாகம் பாகமாக அளந்த கயிறு இன்னும் வீட்டில் கிடக்கிறது. ஒரு பாகம் 6 அடி. என் கருவி அதோடு அரை அடிக்குள் ஒத்துவந்தது.

ஆழம் குறைந்த பரவைக்கடலுக்குள் மட்டும் எதிர்பார்ப்பைக் குறையுங்கள். தண்ணீர் இரண்டு அடிக்குக் கீழே போனதும் இலக்கம் மின்னும், சிலவேளை இரட்டித்துக் காட்டும். அங்கே மரக்கோல்தான்.