லேசான ஓட்டத்தையும் பதிந்து வையுங்கள்
சைக்கிள் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீற்றர் பூட்டிப் பயிற்சி செய்கிறேன். எப்.டி.பி. (ஒரு மணித்தியாலம் அளவுக்குத் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வலு) 200 வாற்று. செவ்வாயும் சனியும் கடும் பயிற்சி. மறுநாள் நிலாவெளிப் பக்கம் 45 நிமிடம் மெதுவாகச் சைக்கிள் ஓடிவிட்டு வருவேன். அதற்கு 19, 20 புள்ளிதான் விழுகிறது. இதைப் பதியாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் குறையாது. வாரக்கணக்கில் விட்டால் பயிற்சி மென்பொருள் வரையும் உங்கள் வரைபடமே உங்களை ஏமாற்றத் தொடங்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் முழுக்க எப்.டி.பி. அளவிலேயே மிதித்தால் 100 டி.எஸ்.எஸ்., அதாவது பயிற்சிச் சுமைப் புள்ளி. செறிவு (எப்.டி.பி.யோடு ஒப்பிட்ட வலு) பாதியானால் புள்ளி பாதியாவதில்லை, கால்வாசியாகிறது; செறிவு வர்க்கமாகக் கணக்கில் சேர்வதே காரணம். ஆகவே 100 வாற்றில் ஒரு மணித்தியாலம் என்றால் 25, முக்கால் மணித்தியாலம் என்றால் 19. உங்கள் எண் சரியானதுதான்.

களைப்புக் கோடான ஏ.டி.எல். 7 நாள் சராசரி, உடற்தகுதிக் கோடான சி.டி.எல். 42 நாள் சராசரி. 19 புள்ளி ஓட்டம் ஒன்றை விட்டால் களைப்பு ஏறத்தாழ 2.7 குறைவாகவும் உடற்தகுதி 0.45 குறைவாகவும் தெரியும். உடற்தகுதியிலிருந்து களைப்பைக் கழித்தால் வருவதுதான் உங்கள் 'ஃபோம்', அதாவது தயார்நிலை. அது உண்மையை விட 2 புள்ளிக்கு மேல் உயர்ந்து, நீங்கள் இளைப்பாறிவிட்டதாகச் சொல்லும். வாரத்துக்கு இரண்டு ஓட்டம் இப்படிப் பதியாமல் போனால், சில மாதங்களில் இரண்டு கோடுகளுமே 5 புள்ளிக்கு மேல் தாழ்ந்து நிற்கும். பிறகு அந்தக் கோட்டை நம்பி அடுத்த வாரப் பயிற்சியைக் கூட்டுவீர்கள். கூட்டியது எவ்வளவு என்பது உங்கள் காலுக்குத்தான் தெரியும்.

ஆனால் புள்ளிக்காக இதைப் பதியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. லேசான ஓட்டம் உண்மையிலேயே லேசாக இருந்ததா என்பதைக் காட்ட வேறு சாட்சி இல்லை. இப்படிக் களைப்பாற ஓடும் மீட்பு ஓட்டத்தின் எல்லை எப்.டி.பி.யின் 55 சதவீதம்; உங்களுக்கு 110 வாற்று. 80 முதல் 100 வரை வைத்திருங்கள். ஓடி முடித்ததும் சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், சராசரி எதையும் மறைத்துவிடும். டொக்யார்ட் வீதிச் சந்திகளில் நின்று நின்று புறப்பட்டவருக்குச் சராசரி 92 என்று காட்டும், அதே ஓட்டத்தின் நோர்மலைஸ்ட் பவர் (வலுவின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுக்கும் சராசரி) 128 ஆக இருக்கும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் 300 வாற்றைத் தொட்டிருப்பார். எனவே 110க்கு மேல் எத்தனை நிமிடம் போயிற்று என்று பாருங்கள். 45 நிமிடத்தில் 3, 4 நிமிடம் என்றால் நல்லது. 12 நிமிடம் என்றால் அது மீட்பு ஓட்டமே இல்லை. அந்தப் பெயரில் பதியாதீர்கள்.

பாதைத் தெரிவும் இதில் அடக்கம். கோணேசர் கோயிலுக்கு ஏறுவதை அன்றைக்கு விட்டுவிடுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ சைக்கிளோடு 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீற்றர் போகவே 150 வாற்று வேண்டும். சமதரையான நிலாவெளி வீதி பொருத்தமானது, ஆனால் அங்கே எதிரி காற்று. காற்றில்லாத காலையில் 100 வாற்று உங்களை மணிக்கு 24 கிலோமீற்றர் அளவில் கொண்டுபோகும். கச்சான் வீசும் மாதங்களில், மணிக்கு 14, 15 கிலோமீற்றர் எதிர்காற்று இருந்தால், அதே 100 வாற்றுக்கு 17 தான். அந்த 17ஐப் பார்க்கப் பொறுக்காமல்தான் பலர் மிதித்துவிடுகிறார்கள். ஆகையால் மீற்றர் திரையில் வேகத்தை எடுத்துவிட்டு, 10 செக்கன் சராசரி வலு, மிதிவேகம், நேரம் ஆகிய மூன்றை மட்டும் வைத்திருங்கள். 110 வாற்றில் எச்சரிக்கை ஒலி வையுங்கள். மிதிவேகம் 85 முதல் 90, கியர் சின்னதாக.

பதியும்போது கூடவே நான்கு விடயம் எழுதுங்கள்: சராசரி இதயத்துடிப்பு, வெப்பநிலை, பத்துக்கு எத்தனை கஷ்டம், கால் எப்படி இருந்தது. திருகோணமலை வெயிலுக்கு இது மிகவும் தேவை, ஏனெனில் டி.எஸ்.எஸ். வெப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. காலை 6 மணிக்கு 100 வாற்றில் 112 ஆக இருந்த துடிப்பு, 9 மணி வெயிலில் 125 ஆகலாம். அதனால்தான் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் ஓடுங்கள் என்கிறோம். ஒரே சூட்டில், ஒரே வாற்றில் துடிப்பு வழமையை விட 10 கூடியிருந்தால், அல்லது லேசான ஓட்டத்துக்குக் கஷ்டம் 2க்குப் பதிலாக 4 என்று எழுத நேர்ந்தால், அடுத்த கடும் பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள். இந்த எச்சரிக்கையைக் கடும் பயிற்சி நாளில் பிடிப்பது கடினம். அன்றைக்கு எல்லாமே உயர்ந்துதான் இருக்கும்.

கேள்வி: மெதுவாக ஓடும் நாட்களில் மட்டும் வாற்று நம்ப முடியாததாக இருக்கிறது. ஒரே உணர்வுக்கு ஒரு நாள் 95, மறுநாள் 106. மீற்றர் பழுதா?
– வாசகி, சீனன்குடா

பதில்: முதலில் பூச்சியத் திருத்தம் (மிதிக்காதபோது மீற்றர் பூச்சியம் காட்டும்படி சரிசெய்வது) செய்கிறீர்களா என்று பாருங்கள். முறுக்குவிசையில் 1 நியூற்றன் மீற்றர் பிழை இருந்தால், நிமிடத்துக்கு 90 சுழற்சியில் அது 9.4 வாற்று. கடும் பயிற்சியில் 250 வாற்று மிதிக்கும்போது அது 4 சதவீதம்கூட இல்லை, கண்ணில் படாது. 100 வாற்றில் அதே பிழை 9 சதவீதத்துக்கு மேல். பிழை எல்லா நாளும் இருக்கிறது, லேசான நாளில்தான் வெளியே தெரிகிறது.

ஏசி அறையில் 24 பாகையில் நின்ற சைக்கிளை 31 பாகை முற்றத்துக்குக் கொண்டுவந்ததும் திருத்தம் செய்வதுதான் வழக்கமான தவறு. உலோகம் சூடாகும்போது மானியின் பூச்சியம் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே 10, 15 நிமிடம் நிழலில் நிற்கவிடுங்கள். பெடலில் கால் படக்கூடாது. கிராங்க் செங்குத்தாக நிற்கட்டும். திருத்தம் செய்து, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். வழமையான எண்ணிலிருந்து திடீரென விலகினால் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். அப்போதும் விலகினால் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று: வலுச் சராசரியில் பூச்சியத்தைச் சேர்க்கும்படி அமைப்பு இருக்க வேண்டும், மிதிவேகச் சராசரியில் சேர்க்கக்கூடாது. மாறியிருந்தால் மிதிக்காமல் உருண்ட நேரமெல்லாம் காணாமல்போய், சராசரி வலு பொய்யாக உயரும்.

கேள்வி: வேலைக்குச் சாதாரண சைக்கிளில் போக 20 நிமிடம், வர 20 நிமிடம். அதில் பவர் மீற்றர் இல்லை. இதையும் பதிய வேண்டுமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: கடைக்குப் போய்வரும் 10 நிமிடத்தை விட்டுவிடுங்கள். இதை விடாதீர்கள். மணித்தியாலத்துக்கு 20 முதல் 25 புள்ளி என்று வைத்து, நாளுக்கு 15 என்று கையால் பதியுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 75, மேலே சொன்ன இரண்டு மீட்பு ஓட்டங்களின் இரு மடங்கு. பாரமான சைக்கிளில் எதிர்காற்றில் வியர்த்து வந்த நாளுக்கு 20 போடுங்கள். 'மதிப்பீடு' என்று குறித்து வைத்தால், அளந்த எண்ணோடு பின்னால் குழப்பம் வராது. கோல்டன் சீற்றா போன்ற இலவச மென்பொருளிலேயே கையால் பதியும் வசதி இருக்கிறது.