சிஸ்டர் லியோனெல்லா யாரு?

கேள்வி: சோமாலியாவுல கொல்லப்பட்ட சிஸ்டர் லியோனெல்லா பத்தி சொல்லுங்களேன்?

பதில்: இத்தாலிக்காரங்க, 1940ல பொறந்தவங்க, கன்சோலாட்டாங்கற கத்தோலிக்க மிஷனரி சபையோட கன்னியாஸ்திரி. கென்யாவுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்துட்டு, சண்டையில சிதைஞ்சு கிடந்த சோமாலியா தலைநகர் மொகதிஷுவுக்குப் போயி நர்சிங் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, எனக்கு அவங்க வாழ்க்கையில ரொம்பப் பெருசா தெரியறது இதுதான், அந்த ஊர் பிள்ளைங்களையே நர்ஸ் ஆக்கினாங்க பாருங்க, அதுவும் ஆஸ்பத்திரியே அபூர்வமா இருந்த ஊர்ல. 2006 செப்டம்பர் 17, கிளாஸ் முடிச்சு வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுட்டாங்க. உயிர் போற நேரத்துலயும் "மன்னிக்கிறேன்"னு மூணு தடவை சொன்னாங்களாம்! விசுவாசத்துக்காக உயிர் விட்டவங்கன்னு 2018 மே 26 இத்தாலியில இருக்கற பியாசென்சாவுல கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) குடுத்தாங்க. கூடவே செத்த காவலாளி முகமது மஹமூத் ஒரு முஸ்லிம், சிஸ்டரைக் காப்பாத்தத்தான் ஓடி வந்தாரு, அவரையும் மறக்காதீங்க.