கொள்ளைக்கார ஈ: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மாடித் தோட்டத்தில் ஒரு ஈ தேனீயைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது அண்ணா. ஜோடி சேர்கிறதா?

இல்லை தம்பி, அது கொள்ளைக்கார ஈ, தேனீயைச் சாப்பிடுகிறது. குச்சி நுனியில் காத்திருந்து, தேனீயோ வெட்டுக்கிளியோ குறுக்கே பறந்தால் பாய்ந்து, பறக்கும்போதே முள்கால்களால் அமுக்கி, வாயால் குத்தி எச்சிலைச் செலுத்திவிடும். அதில் நரம்பை முடக்கும் நஞ்சும் சதையைக் கரைக்கும் நொதியும் உண்டு. உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டைக் கீழே போட்டுவிடும். அடுத்த முறை முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாக இருக்கும், வாய்க்கு மேலே தாடி மாதிரி விறைப்பான மயிர். துடிக்கிற இரை முகத்தைக் கிழிக்காமல் தடுப்பது அதுதான்.

கேள்வி: கடிக்குமா?

கையில் பிடித்தால் குத்தும், நன்றாக வலிக்கும். பிடிக்காதீர்கள்.

கேள்வி: இது தட்டான்தானே?

இறக்கையை எண்ணுங்கள். தட்டானுக்கு 4, இதற்கு 2.

கேள்வி: தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன் சார். என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் அடிக்காதீர்கள். அந்த மருந்தில் உங்கள் தேனீக்களும் சாகும். ஒரு நல்ல பெட்டியில் ஆயிரக்கணக்கில் தேனீ இருக்கிறது, இது ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறது.

அவரே மறுபடியும்: அர்ஜென்டினாவில் தேனீ வளர்ப்போருக்கு இதனால் பெரிய தொல்லை என்கிறார்களே?

உண்மைதான். அங்கே பாம்பாஸ் சமவெளியில் இருக்கும் மல்லோஃபோரா ரூஃபிகௌடா என்ற கொள்ளைக்கார ஈ இனம் தேனீயை விரும்பித் தின்கிறது. ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். தாய் ஈ உயரமான புல்லிலும் கம்பி வேலியிலும் முட்டையிடும். பொரித்த குஞ்சுப்புழு காற்றில் பரவி மண்ணில் விழுந்து, வேர்ப்புழுவை வாடை பிடித்துத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அதைத் தின்றே வளரும். வேரைத் தின்று பயிரைக் கெடுப்பது அந்த வேர்ப்புழு. இப்போது சொல்லுங்கள், எதிரியா நண்பனா?

கேள்வி (கடலை விவசாயி): அப்போ வளர்த்து வயலில் விடலாமே ஐயா!

ஆசை சரிதான், ஆனால் பல இனங்களுக்குப் புழுப்பருவமே 1 முதல் 3 ஆண்டு. வளர்த்து விடுவதைவிட இருப்பதைக் காப்பாற்றுங்கள். வரப்போரக் காய்ந்த குச்சிகளைப் பிடுங்காமல் விடுங்கள், கண்டபடி மருந்து அடிக்காதீர்கள்.

தேனீக்காரர்: கடலைக்கு லாபம், நஷ்டம் எனக்கா?

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இது தேனீயைப் பிடிக்கும் குளவியையும் பிடிக்கிறது, அந்தக் கணக்கையும் சேருங்கள்.

கேள்வி: சார், கடிக்குமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மரம் துளைக்கும் கருவண்டு (தச்சன் தேனீ) மாதிரியே ஒன்று, ஆனால் இரண்டே இறக்கை?

அருமையான கண் அக்கா உங்களுக்கு! ஹைபரேக்கியாவாக இருக்கலாம். கருவண்டு வேஷம் போட்ட கொள்ளைக்கார ஈ. அதன் புழு கருவண்டின் மரப்பொந்துக்குள்ளேயே அதன் குஞ்சுகளைத் தின்று வளரும்.

கேள்வி: படம் அனுப்பினால் இனம் சொல்வீர்களா?

7,000க்கு மேல் இனங்கள் இருக்கின்றன, மங்கலான படத்தில் முடியாது. முகமும் இறக்கை நரம்பும் தெரிய எடுங்கள். கையில் பிடித்து எடுக்காதீர்கள்.