சாகிற ஹீரோவுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? ஃபேண்டம் கேள்வி பதில்

1936-இல் லீ ஃபாக் எழுத, ரே மூர் வரைய, அமெரிக்க நாளிதழ்களில் தினசரிப் படத்தொடராக வந்தவர் ஃபேண்டம். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு ‘முகமூடி வீரர் மாயாவி’. கதையைப் பற்றி, பழைய இதழ்களை வாங்குவது பற்றி, பாதுகாப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: பறக்கத் தெரியாது, சுவரைத் துளைக்கும் பார்வை கிடையாது, துப்பாக்கியை நம்பிப் பிழைக்கிற மனுஷன். இவரைப் போய் இன்னும் ஏன் சார் கொண்டாடுறாங்க?

அவர் சாகிறார் என்பதால்தான். 1536-இல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தப்பிக் கரையொதுங்கிய ஒரே ஆள், தன் தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான்: கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி நான்கையும் எதிர்த்து நானும் என் சந்ததியும் போராடுவோம் என்று. அவன் மகன், பேரன் என்று முகமூடி கைமாறிக்கொண்டே வருகிறது. நாம் படிப்பது 21-ஆவது ஆளை. காட்டு மக்களும் கொள்ளையர்களும் நானூறு வருடமாக ஒரே ஆள்தான் என்று நம்புகிறார்கள். குகையில் இருக்கும் கல்லறைகளின் கணக்கு, அவரோடு காட்டில் வாழும் பண்டார் குள்ளர்களுக்கும் நெருங்கிய சிலருக்கும் தெரியும், அப்புறம் நமக்குத் தெரியும். வில்லன் நடுங்கும்போது நாம் ரகசியம் தெரிந்தவர்களாக உட்கார்ந்து ரசிக்கிறோமே, அந்தச் சுகத்தை வேறு எந்த ஹீரோவும் இவ்வளவு மலிவாகத் தருவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1536 முதல் 1936 வரை 400 வருடம், முடித்துவிட்டுப் போனவர்கள் 20 பேர். ஆளுக்குச் சராசரி 20 வருடம்தான் வேலை. கத்தி குத்தினால் இந்த ஆள் செத்தே போகலாம், கதை நிற்காது என்ற பயம் உண்மையான பயம். எழுதுகிறவருக்கும் இது வசதி. பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் சண்டை வேண்டுமா, குகையில் இருக்கும் குடும்பக் குறிப்பேட்டில் ஒரு தொகுதியைத் திறந்தால் போதும். பதினேழாவது ஃபேண்டம் காயப்பட்டுக் கிடந்தபோது அவர் சகோதரி ஜூலி முகமூடி மாட்டிக்கொண்டு வேலை பார்த்த கதையெல்லாம் அப்படி வந்ததுதான்.

கேள்வி: சக்தியே இல்லாதவரை சூப்பர் ஹீரோ என்று சொல்வது கொஞ்சம் ஓவர் இல்லையா?

சக்தியை வைத்துப் பார்த்தால் ஓவர்தான். ஆனால் உடலை ஒட்டிய உடை, கருவிழி தெரியாத முகமூடி இரண்டையும் சேர்த்து அணிந்து 1936 பிப்ரவரியிலேயே வந்துவிட்டார். சூப்பர்மேன் 1938, பேட்மேன் 1939. பின்னால் வந்தவர்களின் வெள்ளைக் கண்கள் யாரைப் பார்த்து வந்தவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கூடவே ஓடும் நாய் என்ன ஜாதி அண்ணா?

நாய் இல்லை, ஓநாய். பெயர் டெவில். குதிரையின் பெயர் ஹீரோ.

கேள்வி: மோதிரம் எந்தக் கையில்? ஒரே கதையில் மாறி மாறி வருகிறதே.

மோதிரம் ஒன்றல்ல, இரண்டு. மண்டையோட்டு மோதிரம் வலது கையில். குத்து விழுந்தால் தாடையில் பதியும், ஆயுசுக்கும் அழியாது. நல்லெண்ண முத்திரை இடது கையில். அது பதிந்த ஆளோ இடமோ ஃபேண்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது என்று அர்த்தம். மாறி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அச்சு. புத்தக அளவுக்குள் கட்டங்களை அடுக்கும்போது படத்தை இடவலம் மாறிய கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுவார்கள். உடனே வலது கை இடது கையாகிவிடும். கண்டுபிடிக்க, அதே கட்டத்தில் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், படத்துக்குள் இருக்கும் எழுத்து எப்படி என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மோதிரம் மாறியிருந்தால் ஓவியரின் தவறு.

கேள்வி: என் மாமாகிட்ட இருக்கிற வெளிநாட்டுப் புத்தகத்துல நீல டிரஸ். நம்மூர்ல ஊதா. எது அசல்?

ஃபாக் மனதில் நினைத்தது சாம்பல் நிறம். தினசரித் தொடர் கறுப்பு வெள்ளையில் வந்ததால் யாருக்கும் பிரச்சினை இல்லை. 1939 மே 28-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அச்சில் ஊதா ஏறியது, அதுவே நிலைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. உங்கள் மாமாவிடம் இருப்பது பெரும்பாலும் ஸ்வீடனின் ‘ஃபான்டோமென்’ ஆக இருக்கும். 1950-இல் தொடங்கிய பத்திரிகை அது. பிற்பாடு அமெரிக்கத் தொடரை நம்பாமல் சொந்தமாகவே கதை எழுதி வரைய ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ நிறுவனம் 1948-இலிருந்து வெளியிடுகிறது. பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் ஃபேண்டம் உருவத்தைப் போர்க் கேடயத்திலேயே வரைந்தார்கள். பிறந்த அமெரிக்காவில்தான் மவுசு குறைவு.

கேள்வி: இரும்புக்கை மாயாவியும் இவரும் ஒருத்தர்தானே?

இல்லவே இல்லை. இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் சரக்கு. 1962-இல் ‘வேலியன்ட்’ இதழில் வந்த லூயி கிராண்டெல். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ராணி காமிக்ஸ் வந்தது 1984-இல். பழைய புத்தகக் கடையில் ‘மாயாவி’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதையாவது நீட்டுவார். எந்த காமிக்ஸ் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாகப் படிக்க எங்கே ஆரம்பிப்பது? முதல் கதையை எடுத்தேன், நகரவே மாட்டேன் என்கிறது.

முதல் கதை 1936 பிப்ரவரி 17 முதல் நவம்பர் 7 வரை ஓடியது. 38 வாரம், வாரத்துக்கு ஆறு என்று 228 துண்டுகள். நேற்றைய பேப்பரைத் தவறவிட்டவனுக்காக ஒவ்வொரு நாளும் முதல் கட்டத்தில் நேற்றைய சம்பவத்தையே கொஞ்சம் திரும்பச் சொல்வார்கள். மொத்தமாக உட்கார்ந்து படித்தால் சலிப்பது அதனால்தான். ஒரு தடவைக்கு இரண்டு வாரப் பகுதி, அதாவது 12 துண்டுகள், போதும்.

அதைவிட, சை பேரி வரைந்த காலத்திலிருந்து (1961–1994) தொடங்குங்கள். கோடு சுத்தம், முகங்கள் நினைவில் நிற்கும், 1977-இல் காதலி டயானாவுடன் நடந்த கல்யாணமும் அதற்குள் வந்துவிடும். அப்புறம் ரே மூருக்குத் திரும்பினால் அந்த இருட்டின் அருமை புரியும். நிழலை வைத்துப் பயமுறுத்துவதில் மூருக்குப் பிறகு வந்த யாரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது என்பது என் கட்சி. இடையில் வில்சன் மெக்காய் வரைந்தவை பொம்மை மாதிரி இருக்கும். சிலருக்கு அதுதான் உயிர், சண்டைக்கு வர வேண்டாம்.

கேள்வி: இந்திரஜாலில் ‘டெங்காலி’, ஆங்கிலத் தொகுப்பில் ‘பெங்காலா’. வேறு வேறு நாடா?

ஒரே நாடு, ஃபேண்டம் வாழும் கற்பனை நாடு. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது வங்காளத்தை நினைவூட்டும் பெயரையும், ‘சிங்’ கொள்ளையர் கூட்டத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். இங்கே விற்க வேண்டுமே! அதனால் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

கேள்வி: காட்டு மக்களைக் காப்பாற்ற ஒரு வெள்ளைக்காரர் வந்துதான் ஆக வேண்டுமா? இன்றைக்குப் படித்தால் நெருடுகிறது.

நெருட வேண்டும். முப்பதுகளின் கதைகளில் பழங்குடிகளைக் காட்டிய விதத்துக்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஃபாக்கே பின்னால் திருத்திக்கொண்டார். பெங்காலா சுதந்திர நாடானது. லமாண்டா லுவாகா என்ற ஆப்பிரிக்க மருத்துவர் அதன் அதிபரானார். காட்டுக் காவல் படைக்குக் கர்னல் வொருபு தலைவரானார். அடிப்படைக் கோணல் அதனால் நிமிர்ந்துவிடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் எழுபதுகளுக்குப் பிந்தைய கதைகளைக் கொடுப்பேன், முப்பதுகளை அல்ல.

கேள்வி: பழைய இந்திரஜால் என்று சொல்லி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். ஜெராக்ஸ் பிரதி இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அட்டையில் தோல் நிறம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அசல் ஆஃப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் பூ இதழ் மாதிரி வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கும். லேசர் பிரதியில் நுண்ணிய கோடுகள் தெரியும், கறுப்பு எழுத்தைச் சாய்த்துப் பிடித்தால் டோனர் பளபளக்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் தெளித்த மாதிரி சிதறியிருக்கும்.

அடுத்து தாள். பழைய செய்தித்தாள் காகிதம் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும். டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியது ஒரே சீராக இருக்கும், அல்லது திட்டுத்திட்டாக. புற ஊதா டார்ச் அடித்தால் இன்றைய வெள்ளைத் தாள் நீலமாக ஒளிரும், பழைய தாள் மங்கியே இருக்கும்.

பக்கம் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சூத்திரம். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரே தாளின் இரு பாதிகள் ஜோடியாக வரும். 32 பக்கப் புத்தகத்தில் 5-ஆம் பக்கத்துக்கு ஜோடி 28, கூட்டினால் எப்போதும் 33. எனவே 5, 6 இல்லையென்றால் 27, 28-ஐத் தொட்டுப் பாருங்கள். அது பின்னில் பிடிப்பில்லாமல் ஆடும், அல்லது யாராவது ஒட்டியிருப்பார்கள். ஒரு தாளின் இரு பாதியும் முழுதாகக் காணாமல் போனால் ஆடுவதற்கு எதுவும் இருக்காது. அப்போது பக்க எண்ணை எண்ணித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பக்கங்கள் மஞ்சளாகி ஓரம் பொடிகிறது. இராமபாணப் பூச்சி வேறு. என்ன செய்யலாம்?

அந்தக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னினும் அமிலமும் இருக்கின்றன. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் தன்னைத்தானே தின்னும். நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை. சாதாரண அட்டைப்பெட்டி அட்டையைச் செருகினால் அதன் அமிலமும் சேர்ந்து இறங்கும். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் மை அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும், ஆகவே ஒரு மலிவான ஈரமானி, சிலிக்கா ஜெல் இரண்டும் அவசியம். வெயில் தாக்கும் மேற்குச் சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள்.

பூச்சிக்கு: பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் மூடி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே வெளியில் வைத்தால் நீர்த்துளி பைக்கு வெளியே படியும், தாள் தப்பிக்கும்.

கேள்வி: கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டிட்டேன்...

புதிதாக ஒட்டியதானால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, டேப்பை மேலே இழுக்காமல் பின்பக்கமாக மடித்து, தாளோடு தாளாக மெதுவாக உரியுங்கள். பழுப்பேறிவிட்டால் கறை போகாது, விட்டுவிடுங்கள்.

இனிமேல் கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளும் மீத்தைல் செல்லுலோஸ் பசையும். 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 4 கிராம். முதலில் கொஞ்சம் வெந்நீரில் தூவிக் கலக்கி, பிறகு குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். நேரடியாகப் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். மைதாப் பசை வேண்டாம், இராமபாணத்துக்கு அது விருந்து. பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அதைச் சேர்த்தால் அமிலம் ஏறி, ஒட்டிய இடமே முதலில் ஒடியும்.