மாலத்தீவில் ‘எல்லாம் அடக்கம்’ ரிசார்ட்டுக்கு முதல்முறையாகப் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

"பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, சாப்பாடு, பானங்கள் எல்லாம் அதிலேயே அடக்கம் என்கிறார்கள். இனி நாங்கள் கவனிக்க என்ன இருக்கிறது, கையை வீசிக்கொண்டு போனால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளோடும் வீட்டுப் பெரியவர்களோடும் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் அப்படித்தான் போனோம். புதிதாகத் திருமணம் ஆனவர்கள் என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

எது அடக்கம், எது அடக்கமில்லை என்பதை ரிசார்ட்டே எழுதித் தந்த மெயில் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏஜென்ட் போனில் சொன்னது போதாது, விளம்பரப் படத்தில் இருப்பதும் போதாது. உங்கள் முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு வந்த மெயில்தான் வேண்டும். எங்கள் ஏஜென்ட் கேட்டதற்கெல்லாம் "எல்லாமே உண்டு மேடம்" என்றார். அதையே ரிசார்ட்டிடம் எழுதி வாங்கித் தாருங்கள் என்று நான் விடாமல் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் வாங்கித் தந்தார். தீவில் எத்தனை உணவகங்கள், அவற்றில் எவை நமக்கு உண்டு, தனி மெனு உள்ள உணவகத்தில் எத்தனை இரவு சாப்பிடலாம், அறையில் உள்ள மினிபாரைத் தினமும் நிரப்புவார்களா, ஸ்நார்க்லிங்குக்கு, அதாவது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்ப்பதற்கு, வேண்டிய கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் இலவசமா வாடகையா, விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகோ சீப்ளேனோ (தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன விமானம்) இதில் சேர்ந்ததா, வரிகள் சேர்ந்தனவா, கடைசி நாள் எத்தனை மணியோடு இந்த வசதி முடிகிறது. இவ்வளவும் கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் வரி வரியாகப் பதில் வந்தது. அதை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் ரிசப்ஷனில் பில் நீட்டினார்கள். நாங்கள் மீன் உணவகத்தில் சாப்பிட்ட இரவுகளுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தது. கூடவே ஸ்நார்க்லிங் சாமான்களுக்கு வாடகை. இரண்டுமே அடக்கம் என்று மெயிலில் தெளிவாக இருந்தவை. முந்தின இரவே கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன், "நாளைக்குத்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பீட்போட் கிளம்ப அதிக நேரமில்லை. மேசையில் இருந்த பையன் மிகவும் மரியாதையானவன், ஆனால் அவன் கணினியில் வேறு மாதிரி இருந்தது. மேலாளர் வந்தார். அந்தச் சலுகை வேறொரு பேக்கேஜுக்கு உரியது என்றார். நான் அச்செடுத்த தாளை விரித்து, எங்கள் முன்பதிவு எண்ணையும் அதற்குக் கீழே அவர்கள் எழுதியிருந்த வரிகளையும் காட்டினேன். அம்மா பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "விடுடி, நல்லபடியா இருந்துட்டுப் போறோம், கிளம்பற நேரத்துல எதுக்கு வம்பு?" கணவர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை, அங்கிருந்து நகரவும் இல்லை. மேலாளர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து அந்த இரண்டு கட்டணங்களையும் எடுத்துவிட்டுப் புது பில் கொடுத்தார். வருத்தமும் தெரிவித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

"அவ்வளவு செலவு செய்து போகிறவர்களுக்கு இது ஒரு தொகையா?" என்று யாராவது கேட்கலாம். எங்களுக்குத் தொகைதான். வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தில் போனோம். வசதியானவர்கள் கேட்காமல் விடலாம், அது அவர்கள் விருப்பம். ஆனால் கவுண்டர் முன்னால் ஒரு ஆண் கணக்குக் கேட்டால் அவர் விவரமானவர், அதையே ஒரு பெண் கேட்டால் அவள் சண்டைக்காரி, இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது ஒரே ரத்தப் பரிசோதனையை பில்லில் இரண்டு தடவை போட்டிருந்தார்கள். நான் அதைக் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பின்னால் நின்ற ஒருவர், "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்றே கேட்டார். பரிசோதனை இரண்டு தடவை நடக்கவில்லை, அதைச் சொல்ல ஆண் எதற்கு? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேக்கேஜுக்கு வெளியே எதை வாங்கினாலும் விலைப் பட்டியலில் ++ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகை மேல் 17 சதவீத சுற்றுலா வரியும் (2025 ஜூலைக்கு முன் 16 ஆக இருந்தது). 100 டாலர் என்று போட்ட மசாஜ் பில்லில் 128 டாலர் 70 சென்ட் ஆகிவிடும். பசுமை வரி இன்னொன்று. ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 6 டாலராக இருந்தது, 2025 ஜனவரி முதல் 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிடையாது. நான்கு பேர் குடும்பம் ஒரு வாரம் தங்கினால் இந்த ஒரு வரியே எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இது பேக்கேஜில் சேர்ந்ததா, அங்கே போய்க் கட்ட வேண்டுமா என்று அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள். அடக்கமான பானத்துக்கும் பல இடங்களில் சீட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தொகை பூஜ்யம் என்று பார்த்த பிறகு போடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது விமானம் இறங்கும் நேரம். வேலானா விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து ரிசார்ட் தீவுக்குப் போக வேண்டும். பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட்போட், தூரம் என்றால் சீப்ளேன் அல்லது உள்நாட்டு விமானமும் படகும். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் மாலையில் வந்தால் அன்றைக்கு அது கிடைக்காது, தலைநகர் மாலேயிலோ பக்கத்திலோ ஒரு இரவு தங்கியாக வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது, ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கட்டிய பணமும் வீண். இதனால்தான் நாங்கள் ஸ்பீட்போட் போகும் தூரத்தில் உள்ள தீவாகப் பார்த்தோம். சீப்ளேனில் வழக்கமாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான், மிஞ்சினால் தனிக் காசு. அம்மாவுக்கு முழங்கால் வலி. சீப்ளேன் படிக்கட்டு குறுகலானது, ஆடுகிற தளத்திலிருந்து ஏற வேண்டும் என்பதையும் யோசித்தோம்.

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் பயணப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது போலி அல்லது இடைத்தரகர், மூடிவிடுங்கள்.

மது கொண்டுபோகக் கூடாது. வழியில் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலையும் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்பும்போதுதான் தருவார்கள். ரிசார்ட்டுக்குள் மது கிடைக்கும், அது தனி. பன்றி இறைச்சிப் பொருட்களுக்கும் தடை, மின்சிகரெட்டுக்கு 2024 நவம்பர் முதல் தடை. வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அம்மா கைப்பையில் எப்போதும் சின்னப் பிள்ளையார் வைத்திருப்பார். முன்கூட்டியே எடுத்துச் சொல்லி வீட்டுப் பூஜை அலமாரியில் வைக்கச் செய்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுவிடுங்கள், விமான நிலையத்தில் அதை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் அவர்கள் மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

அறை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. சின்னக் குழந்தைகள் இருந்தால் தண்ணீர் மேல் நிற்கும் வில்லா வேண்டாம். படம் அழகுதான், ஆனால் அறைக் கதவைத் திறந்தால் தளம், தளத்திலிருந்து படி, படியிலிருந்து நேரே கடல். குறிப்பிட்ட வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை அங்கே அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் உண்டு. மணலில் இருக்கும் வில்லாவில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கமாக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த நூறு அடி வித்தியாசம் பெரிது.

பஃபேயில் முதல் வேளை தட்டை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கண் முன்னால் சூடாகச் செய்து தருகிற மேசைகள் இருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கிற சோறு, மீன், மயோனைஸ் கலந்த சாலட் இவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம், காய்ச்சல் மருந்து, பெரியவர்களின் மாத்திரைகள் எல்லாம் கைப்பையில். பக்கத்தில் மருந்துக் கடை கிடையாது, நீங்கள் இருப்பது நடுக்கடல். தீவில் மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேட்டு வையுங்கள், படகில் நோயாளியைக் கொண்டுபோகும் செலவைத் தருகிற பயணக் காப்பீடு எடுங்கள். அம்மா சைவம் என்று முதல் நாளே தலைமைச் சமையல்காரரிடம் சொன்னோம். அவர் ஒவ்வொரு பாத்திரமாகக் கூடவே வந்து எதில் மீன் சாறு இருக்கிறது, எதில் இல்லை என்று காட்டினார். பிறகு தினமும் அம்மாவுக்கென்று ஒரு சாம்பார் வந்தது. ஊழியர்களில் தெற்காசியர்கள் நிறையப் பேர், தமிழ் பேசுகிறவர்களையும் பார்க்கலாம். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தாலும் அந்தச் சமையல்காரருக்கும் அறையைச் சுத்தம் செய்தவருக்கும் கையில் கொடுத்தோம். சின்ன டாலர் நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போங்கள்.

"ஹோட்டலில் படுத்துக் கிடக்க வெளிநாடு எதற்கு, ஊரைப் பார்க்க வேண்டாமா?" என்று எங்கள் சொந்தத்தில் கேட்டார்கள். உங்களிடமும் கேட்பார்கள். என் அம்மா பதினெட்டு வயதிலிருந்து அடுப்படியில் நிற்கிறார். காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன சமையல் என்ற யோசனையே இல்லாமல், உட்கார்ந்த இடத்துக்குக் காபி வர, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் போனோம். ஊர் பார்ப்பது நல்ல விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மக்கள் வாழும் தீவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் கடைகள் திறந்திருக்கும். ஆனால் ஓய்வெடுக்கப் போகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

கடலில்தான் அதிகக் கவனம் தேவை. கரையோரம் ஆழமில்லாத லகூன், குளம் போல அமைதியாக இருக்கும். பவளப்பாறை முடிகிற இடத்தில் தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும், பாறைகளுக்கு இடையில் உள்ள கால்வாய்களில் நீரோட்டம் பலமாக இருக்கும். தண்ணீரில் இறங்கும் முன் டைவிங் மையத்தில் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறங்கி எங்கே ஏறலாம் என்று கேளுங்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் தனியாகப் போக வேண்டாம், தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாமல் குறுக்காக நீந்தி வெளியே வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். எல்லாத் தீவிலும் உயிர்காப்பாளர் நிற்பார் என்று நம்பிவிடாதீர்கள். காற்று உருளை மாட்டி ஆழத்தில் முழுகும் ஸ்கூபா செய்தால் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது இருக்கட்டும், சீப்ளேனும் விமானம்தான். பவளத்தை மிதிக்காதீர்கள், உடைந்த துண்டைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள், வெளியே கொண்டுபோவது குற்றம்.

நிலநடுக்கோட்டு வெயில். தலையைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்க்கும்போது முதுகும் தொடையின் பின்புறமும் வெந்துபோவது தெரியாது. முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அப்போது மழையும் காற்றும் அதிகம், விலையும் குறைவு. குழந்தைகளோடு என்றால் நான் பிப்ரவரி, மார்ச் என்பேன்.

பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக வைத்திருக்கும். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று சொன்னால் அது எந்த நேரம் என்று கேளுங்கள். மின் பிளக் சதுரமான மூன்று முள் வகை, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, பிள்ளைகளுக்கு என்ன வயது, அடக்கம் என்று ரிசார்ட் என்னென்ன எழுதித் தந்தது, மூன்றையும் எழுதுங்கள். இன்னும் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.