சுவரில் படிந்த பசுமை

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டில் குண்டு பல்பு, டியூப் லைட் எல்லாவற்றையும் மாற்றி எல்.இ.டி. போட்டுவிட்டோம். செல்போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கி வைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரோ மொட்டை மாடியில் சோலார் தகடுகளைப் பொருத்திவிட்டு இரவும் பகலும் ஏ.சி.யை ஓடவிடுகிறார். கேட்டால், "எங்க வீட்டுக் கரண்டு, நாங்க ஓட்டுதோம், உமக்கு என்ன வே?" என்கிறார். பூமிக்கு நல்லது செய்பவர் அவரா, நானா?

– ஒரு வாசகர், பெருமாள்புரம்

பதில்: மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் சார்ஜர் இல்லாத கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பெட்டியின் தலையில் ஒரு வீட்டின் பாவம் முழுவதையும் ஏற்றிவிட்டோம். இக்காலத்துச் சார்ஜர் ஒன்று போன் மாட்டாமல் சும்மா தொங்கினால் அரை வாட்கூட இழுப்பதில்லை. 0.3 வாட் என்றே வைத்துக்கொண்டு, இரண்டு மாதமும் இராப்பகலாகத் தொங்கவிட்டாலும் கணக்கு அரை யூனிட்டைத் தொடாது. டி.வி. மேசையில் உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்துவிட்டு, சுவிட்சை அணைக்காமல் தூங்கப் போகிறீர்களா? அது பத்து வாட் இழுக்கிறது என்றால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். ஆனால் செட்டாப் பாக்ஸுக்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. சார்ஜரோ மகனின் அறையில் இருக்கிறது. திட்டுவதற்கு வாகான ஆளும் அங்கேயே படுத்துக் கிடக்கிறான். நம் வீடுகளில் எதை அணைக்க வேண்டும் என்பதை வாட் தீர்மானிப்பதில்லை, யாரைத் திட்ட முடியும் என்பதே தீர்மானிக்கிறது.

திட்டு வாங்காமல் தப்பிக்கிற பெரிய குற்றவாளி மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார், இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ ஒரு கிலோவாட் எடுக்கும். தொட்டி நிரம்பிய பிறகும் நாள்தோறும் கால் மணி நேரம் அது ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். அதாவது ஏறத்தாழ முப்பத்தைந்து சார்ஜர்கள் தொங்கியதற்குச் சமம். காலை ஆறரை மணிக்கு நம் தெருக்களில் நடந்து பாருங்கள். மாடியிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், "ஏல, மோட்டாரை ஆஃப் பண்ணியா?" என்று கீழே ஒரு குரல் கேட்கும், "நீ பண்ணலியா?" என்று உள்ளிருந்து இன்னொரு குரல் வரும். தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் வாங்கி வைத்த வீடுகளும் உண்டு. அங்கே அலாரம் தன் பங்குக்குக் கத்தும். வேறொருவர் போவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். அந்தக் குழாய்க்கு நேர் கீழே, வெள்ளையடித்த சுவரில் மேலிருந்து தரைவரை ஒரு முழ அகலத்துக்குப் பாசி படிந்திருக்கும். 'பசுமை இல்லம்' என்று கல்வெட்டுப் பதித்திருந்தாலும், அந்த வீட்டில் பசுமை என்று கைகாட்டத் தக்கது அந்தப் பாசி ஒன்றுதான்.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கி, டர்பைனைச் சுற்றி மின்சாரம் தந்துவிட்டு, கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பிரிந்து நெல்லுக்கும் பாய்கிறது. ஒரே தண்ணீர் விழுந்து இரண்டு வேலை பார்க்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை மாநகராட்சி மின்சாரம் செலவழித்து ஒருமுறை ஏற்றி நம் தெருவுக்கு அனுப்ப, நாம் அதைச் சம்ப்பிலிருந்து இன்னொருமுறை மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து சாக்கடையில் விழவிடுகிறோம். மலையில் விழுந்து மின்சாரம் தந்த தண்ணீரை, மின்சாரம் கொடுத்து மறுபடியும் விழச்செய்கிற சாமர்த்தியம் இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கே உரியது.

அடுத்தது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்வர்ட்டர். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு குடிவந்த பெட்டி அது. மின்வெட்டு போய்விட்டது, பெட்டி போகவில்லை. கரண்டு போகாத நாளிலும் அது பேட்டரியை நிறைத்து வைப்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்; உள்ளே போகிற மின்சாரம் முழுவதும் வெளியே வருவதுமில்லை. (ஆண்டுக்கு ஒருநாள் மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் 'எர்த் அவர்' விழாவை முன்பு இங்கே நான் கேலி செய்ததற்கு இன்னமும் கோபக் கடிதங்கள் வருகின்றன. சிட்னியில் அது தொடங்கியது 2007இல். 2012இல் நாம் இருட்டில் உட்கார்ந்த மணிகளைக் கணக்குப் பார்த்தால், பல தலைமுறைக்கான விளக்கணைப்பை நெல்லைச் சீமை முன்பணமாகவே கட்டிவிட்டது. என் கருத்தில் மாற்றமில்லை.)

சூடாக்குவது, குளிரவைப்பது, தண்ணீர் ஏற்றுவது ஆகிய மூன்றும் வீட்டு மின்சாரத்தை அதிகம் விழுங்குகின்றன. 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் வேண்டும். உங்கள் சார்ஜரின் இரண்டு மாதக் கணக்கு ஒரே குளியலில் தீர்ந்துபோகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய்ப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீருக்காகவே வண்டி கட்டிப் போய், வரிசையில் நின்று, ஐந்தருவியில் பல் கிட்டிக்கக் குளித்துவிட்டு, லாட்ஜுக்குத் திரும்பியதும், "தம்பி, கீசர் வேலை செய்யுதா?" என்று கேட்கிற குடும்பங்களை ஒவ்வொரு சீசனிலும் காணலாம். கேட்கிறவர் பெரும்பாலும், காலையில் ரூமை விட்டுக் கிளம்பும்போது லைட்டை அணைக்காத பிள்ளையைக் கண்டித்தவராகவே இருப்பார்.

நம் சிக்கனத்துக்குப் பூமியைவிட ஈ.பி. கார்டே காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போய்விடும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் மட்டும் வீட்டில் ஏ.சி. ஓய்வெடுக்கிறது, அயர்ன் பாக்ஸ் அலமாரிக்குள் போகிறது. ரீடிங் எடுத்த அன்று இரவே சேர்த்து வைத்த துணிகள் எல்லாம் தேய்க்கப்படுகின்றன. மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கி, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டே இரண்டு 100 யூனிட்டை அனுபவித்த குடும்பங்களையும் நான் அறிவேன், அவர்களும் எல்.இ.டி. பல்புதான் போட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏ.சி. ஓட்டுவதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போது அவருடைய தகடுகள் அவருக்கும் கொடுத்து, மிச்சத்தை லைனுக்கும் அனுப்பக்கூடும். இரவு எட்டு மணிக்கு "எங்க வீட்டுக் கரண்டு" என்ற பேச்சு எடுபடாது. சூரியன் அடைந்துவிட்டது, கயத்தாற்றிலும் பணகுடியிலும் ஆனி ஆடியில் சுழல்கிற காற்றாலைகள் ஐப்பசியில் அதே வேகத்தில் சுழலுவதில்லை, அந்த நேரத்தில் அவருடைய ஏ.சி.யை ஓட்டுவது லைனில் வரும் மின்சாரம், அதில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் கலந்திருக்கும். இரவில் ஏ.சி.யை 18இல் வைக்காமல் 26இல் வைத்து, கூடவே மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் அவர் உங்களை எளிதாக முந்திவிடுவார். நீங்கள் முந்த வேண்டுமானால், 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட்டே இழுக்கும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை விசிறியை மாட்டுங்கள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கே இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிஞ்சும். எல்.இ.டி. மாற்றியதைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய நீங்கள், தலைக்கு மேலே சுற்றுவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

சோலார் வைத்தவர் வீட்டு மீட்டர், லைனிலிருந்து எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். இன்று இரவு எட்டு மணிக்கு அவரை அதன் முன்னால் நிற்க வைத்து இரண்டு எண்களையும் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர் பகைத்துக்கொண்டால், இந்த யோசனை எங்கள் பத்திரிகையில் வந்ததென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரும் எங்கள் சந்தாதாரராக இருக்கக்கூடும்.