தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதுமா?
பரம்பரை வழுக்கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவின் அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் முழு வழுக்கை. அப்பாவுக்கு அறுபது வயதிலும் அடர்த்தியான முடி. எனக்கு 24 வயது. நெற்றியோரம் ஏறத் தொடங்கிவிட்டது. வழுக்கை அம்மா வழியில்தான் வரும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ‘ஆண்ட்ரோஜன் ஏற்பி’யின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வழுக்கையில் தனியொரு மரபணுவாக அதிகச் செல்வாக்கு அதற்குத்தான். ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வருவதால் பிறந்தது அந்தப் பேச்சு.

ஆனால் உங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா தன் எக்ஸை மகளுக்குத்தான் தர முடியும். மகனுக்கு அவர் தருவது ஒய். ஆகவே மாமாவின் எக்ஸ் பாட்டியிடமிருந்து வந்தது, தாத்தாவினுடையது அல்ல. தாத்தாவும் மாமாவும் வழுக்கை என்றால் அந்த இருவரையும் இணைப்பது எக்ஸ் அல்ல, வேறு குரோமோசோம்கள். உங்கள் அம்மாவிடம் தாத்தாவின் எக்ஸ் ஒன்று, பாட்டியின் எக்ஸ் ஒன்று. ஏற்பி மரபணு இருக்கும் பகுதி அவற்றில் எதிலிருந்து உங்களுக்கு வந்தது என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல.

மற்ற குரோமோசோம்களின் பங்கும் சின்னதில்லை. 2008இல் 20ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தெரியவந்தது. 2017இல் 52,000க்கும் மேற்பட்ட பிரிட்டன் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில் வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. இவற்றில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். மாமா தலையை மட்டும் பார்த்து நிம்மதியடைவதும் பயப்படுவதும் வீண்.

மரபணு விதை என்றால் ஹார்மோன் தண்ணீர். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் எழுதியது இன்னும் பாடம்: பருவமடையும் முன் விரைகள் நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியில் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழுந்தது. ஊசியை நிறுத்தியதும் உதிர்வு நின்றது. போன முடி திரும்பவில்லை. டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.ஹெச்.டி.யாக மாற்றுகிறது. வேர்க்காலைச் சுருக்குவது அந்த டி.ஹெச்.டி.தான். 2 முதல் 6 ஆண்டுகள் வளர வேண்டிய முடி, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த காலமே வளர்ந்து, மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடும். வழுக்கைத் தலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தப் பூனைமுடி தெரியும்.

கேள்வி: எனக்கு 38 வயது. கடும் காய்ச்சல் வந்து போன இரண்டரை மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அம்மாவுக்கும் வகிடு அகலம். இது பரம்பரையா?

பதில்: கணக்கைப் பார்த்தால் இந்த உதிர்வு காய்ச்சலுடையது. காய்ச்சல், அறுவைசிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், 2–3 மாதம் கழித்து ஒன்றாக விழும். விழுந்த முடியைக் கறுப்புத் தாளில் வையுங்கள். வேர் முனையில் குண்டூசித் தலைபோல் வெள்ளைக் குமிழ் இருந்தால் ஓய்வெடுத்து விழுந்த முடி. பலரும் அதைப் பார்த்து ‘வேரோடு போய்விட்டது’ என்று பதறுவார்கள். வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. நாளுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் விழும்.

பரம்பரை உதிர்வு இப்படிக் கொட்டாது, மெலியும். உச்சியில் ஒரு வகிடும் பின்தலையில் ஒரு வகிடும் எடுத்து, ஒரே வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். உச்சி வகிடு மட்டும் அகலமாக, அதில் தடித்த முடியும் மெல்லிய முடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பரம்பரை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். காய்ச்சல் உதிர்வு, மறைந்திருந்த மெலிவை வெளியே காட்டிவிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாய் தவறினாலோ முகத்தில் முடி தடித்தாலோ ஹார்மோன் சோதனையும் தேவை. முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் இரத்தம் எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவுகளை அது தவறாகக் காட்ட வல்லது.

கேள்வி: தலையை மழித்தால் அடர்த்தியாக வளருமா?

பதில்: வளராது. கத்தி வெட்டுவது தோலுக்கு வெளியே உள்ள உயிரற்ற தண்டை. முனை மழுங்கியிருப்பதால் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தைப் போட ஆரம்பித்து மூன்றாவது வாரம். முன்பைவிட அதிகம் கொட்டுகிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். முடியை ஓய்விலிருந்து வளர்ச்சிக்கு இந்த மருந்து தள்ளும்போது பழைய முடி இடம்விட்டு விழும். முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நம் அனுபவத்தில் மருந்தைக் கைவிடுகிறவர்கள் அதிகம் கைவிடுவது இந்த வாரங்களில்தான்.

போடும் விதத்தையும் சரிபாருங்கள். தலை உலர்ந்திருக்க வேண்டும். ஆண்களுக்கான 5 சதவீதத் திரவம் ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளுக்கு இரு வேளை. துளிசொட்டியின் முனை முடியில் அல்ல, தோலில் பட வேண்டும்: வகிடெடுத்துச் சில துளி, அடுத்த வகிடெடுத்துச் சில துளி. விரல் நுனியால் பரப்பிவிட்டு உடனே கை கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. படுப்பதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி வளரும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம். அதிகம் போட்டால் அதிகம் வளராது, இரத்தத்தில்தான் கலக்கும். இது முதலில் இரத்தக் கொதிப்பு மாத்திரை என்பதை மறக்காதீர்கள். படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். புண்ணோ வெடிப்போ உள்ள தோலில் போடக் கூடாது.

அரிப்பெடுத்தால் குற்றவாளி பெரும்பாலும் திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான். நுரை வடிவில் அது இல்லை. பெண்களுக்கு 2 சதவீதத் திரவம் இரு வேளை அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை; கர்ப்பத்திலும் தாய்ப்பாலூட்டும் காலத்திலும் வேண்டாம். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து ஆறாம் மாதம் ஒப்பிடுங்கள். மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி வேர்க்காலில் குறைவாக உள்ள சிலருக்குப் பலன் கிடைக்காது. பலன் கிடைத்தவர் நிறுத்தினால், மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலைக்குப் போகும்.

கேள்வி: வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பாதுகாப்பானதா? ஆண்மை போய்விடும் என்கிறார்களே.

பதில்: தினம் 1 மி.கி. மாத்திரை இரத்தத்தின் டி.ஹெச்.டி.யைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். இரண்டாண்டு ஆய்வில் இதை எடுத்த ஆண்களில் 83 சதவீதத்தினருக்கு உச்சந்தலை முடி எண்ணிக்கை குறையவில்லை. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம்தான். ஆண்மைக் குறைபாடு போன்ற பாலியல் பக்கவிளைவு சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரையில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். சிலருக்கு நிறுத்திய பின்னும் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. மனச்சோர்வும் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. புரோஸ்டேட் நோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது பாதியாகக் காட்டும். புரோஸ்டேட் பரிசோதனையின்போது சொல்லாவிட்டால் நோயே தவறிப்போகலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவர் வயதுதான் எனக்கும். நேராக முடி மாற்று சிகிச்சைக்கே போய்விடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். பின்தலை முடிக்கு டி.ஹெச்.டி. பெரிதாக ஒன்றும் செய்யாது. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959இல் காட்டினார். சிகிச்சையின் அடிப்படை அதுதான். ஆனால் நட்ட முடிக்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து போகும். 24 வயதில் நெற்றிக்கோட்டைத் தாழ்வாக நட்டால் 35இல் முன்னால் ஒரு தீவு, நடுவில் வெட்டவெளி. பின்தலை இருப்போ அளவானது, ஒருமுறை எடுத்தது திரும்ப முளைக்காது. ஓராண்டாவது மருந்தில் உதிர்வை நிறுத்திப் பார்த்த பின் யோசியுங்கள். நட்ட முடி முதல் சில வாரத்தில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைத்து, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும்.

கேள்வி: மினாக்சிடில் போடுகிறேன். வீட்டில் பூனை இருக்கிறது. என் தலையணையில்தான் தூங்கும். பரவாயில்லையா?

பதில்: கூடாது. பூனைக்கு மினாக்சிடில் விஷம், சிறிதளவு நக்கினாலே உயிர் போகலாம். தலையணை உறையை மாற்றுங்கள், சிந்தியதை உடனே துடையுங்கள், மருந்து காயும்வரை பூனையைத் தூக்காதீர்கள். நக்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.